தொடக்கப்பள்ளி நினைவுகளை ஆண்டு பிசகாமல் எழுதி வைப்பது எப்படி

"ஒண்ணாப்பு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "சிலேட்டை எதை வச்சு அழிச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் ஓடும். சொந்த நினைவை எழுதினாலும், அம்மாவிடமோ தாத்தாவிடமோ கேட்டு எழுதினாலும், கேள்வி ஒரு பொருளைத் தொட்டு நிற்க வேண்டும்.

முதலில் கோடு போடாத தாளில் பள்ளியைப் படமாக வரையுங்கள். வாசல், கொடிக்கம்பம், மரம், தண்ணீர்ப் பானை அல்லது அடிபம்பு, சத்துணவுக்கூடம், தலைமையாசிரியர் மேசை. அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. வகுப்புக்கு வகுப்பு நீங்கள் உட்கார்ந்த இடத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டுக் குறித்து, பக்கத்தில் இருந்தவர் பெயரை எழுதுங்கள். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளி என்றால் ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் இருந்திருக்கும். அப்போது யார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தார்கள் என்பதையும் குறியுங்கள். பெயர் வராத இடத்தை ஊகித்து நிரப்பாமல் காலியாக விடுங்கள்.

அடுத்தது பொருட்கள். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் போதும். சிலேட்டு கல்லா, தகரமா? சட்டத்தின் மூலை பிரிந்தபோது எதை வைத்துக் கட்டினீர்கள்? குச்சி தீர்ந்தால் யாரிடம் கடன் வாங்கினீர்கள்? அழிக்க எச்சிலா, ஈரத்துணியா, கோவை இலையா? கரும்பலகையைக் கறுப்பாக்கியது பல ஊர்களில் பிள்ளைகள்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடுப்புக்கரியை இடித்து, கோவை இலையோடும் சில ஊர்களில் ஊமத்தை இலையோடும் சேர்த்து அரைத்து, துணியில் தொட்டுப் பூசுவார்கள். திங்கட்கிழமைக்குள் காய்ந்துவிடும். கரி கூடினால் கையோடு உதிர்ந்து வரும். கரியை யார் வீட்டிலிருந்து கொண்டு வந்தார்கள், இலை எந்த வேலியில் பறித்தது, மேல் பகுதி எட்டாமல் யார் பெஞ்சில் ஏறினார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் வகுப்பில் பாதிப் பேரின் பெயர் வந்துவிடும். (பேரப்பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதாக இருந்தால் கோவை இலையே போதும். ஊமத்தை நஞ்சு, அதைக் குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.)

இனி ஆண்டு. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். சான்றிதழில் உள்ள பிறந்த தேதியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்லி, எட்டினால் சேர்த்துக்கொண்ட காலம் அது. பிறந்த தேதி தெரியாத பிள்ளைக்கு, ஐந்து வயது நிரம்பியதாக வருமாறு மே மாதத்திலோ ஜூனிலோ ஒரு தேதியை வாத்தியாரே எழுதிவிடுவார். அதனால் ஓரிரு வருடம் தள்ளிப்போயிருக்க வாய்ப்பு உண்டு. ஜாதகம் இருந்தால் அதைப் பாருங்கள்.

அதைவிட உறுதியான பிடி, ஊரே அறிந்த நிகழ்வுகள். மதிய உணவைக் கேளுங்கள். காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டம் 1956-ல் தொடங்கியது. கோதுமை ரவை உப்புமாவும் பால் பவுடரும் நினைவில் இருந்தால் பெரும்பாலும் 1960-களும் அதை ஒட்டிய ஆண்டுகளும். எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் 1982 ஜூலை 1 அன்று தொடங்கியது. முட்டை வந்தது 1989-ல், அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒன்று. ஆகவே 1985-ல் ஐந்தாம் வகுப்பு முடித்தவர் பள்ளியில் முட்டை சாப்பிட்டதாகச் சொன்னால், அது தம்பி தங்கையின் நினைவாக இருக்கலாம், இல்லையென்றால் பிற்பாடு உயர்நிலைப் பள்ளியில் சாப்பிட்டதாக இருக்கலாம்.

எழுத்தும் நல்ல சாட்சி. 'லை', 'னை' போன்றவற்றை யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைத்து எழுதப் பழகியவர், 1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வருவதற்கு முன் அல்லது பாடநூல்கள் மாறுவதற்கு முன் அரிச்சுவடி கற்றவர். அட்டைகளை எடுத்துத் தரையில் குழுவாக உட்கார்ந்து படித்த செயல்வழிக் கற்றல் அரசுத் தொடக்கப்பள்ளிகள் முழுவதற்கும் வந்தது 2007-ல். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் மட்டும் சில ஆண்டுகள் முன்பே இருந்தது.

தலைவர்கள் மறைவைப் பலரும் குழப்பிக்கொள்வார்கள். "பாதியில் மணியடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க" என்றால் 1984 அக்டோபர் 31 பொருந்தும். இந்திரா காந்தி சுடப்பட்டது புதன்கிழமை காலை. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24 விடியுமுன், அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும் ஒட்டிய நாட்கள். ராஜீவ் காந்தி மறைந்தது 1991 மே 21 இரவு, கோடை விடுமுறையில். இந்த இரண்டும் வகுப்பில் இருந்தபோது தெரியவந்ததாகச் சொன்னால் மறுபடி ஒருமுறை கேளுங்கள்.

ஒரு நிகழ்வும் அப்போது படித்த வகுப்பும் தெரிந்தால் மீதி கணக்குதான். கல்வியாண்டு தொடங்கிய ஆண்டிலிருந்து வகுப்பு எண்ணைக் கழித்து 1 கூட்டுங்கள். 1984 அக்டோபரில் மூன்றாம் வகுப்பு என்றால் 1984 – 3 + 1, அதாவது 1982-ல் ஒன்றாம் வகுப்பு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நடந்தது முந்தைய ஆண்டின் கல்வியாண்டில் சேரும். அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3, அதற்கு 1968 என்று வைத்துக் கணக்கிட வேண்டும். இடையில் ஒரு வருடம் பெயிலாகியிருந்தால் விடை ஒரு வருடம் பிசகும், அதைச் சங்கடப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள். பள்ளியை விட்டு விலகும்போது தந்த பழைய ரெக்கார்டு ஷீட் வீட்டில் இருந்தால் சேர்ந்த தேதி, விலகிய தேதி, வகுப்பு மூன்றும் அதிலேயே இருக்கும். அது தொலைந்திருந்தால் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் பார்க்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேட்கலாம். ஜூன் மாதச் சேர்க்கை நெரிசலில் போகாமல் ஜூலை, ஆகஸ்டில் போவது நல்லது.

கூடப் படித்தவர்களிடம் கேட்பதாக இருந்தால் தனித்தனியாகப் பேசுங்கள். வாட்ஸப் குழுவில் கேள்வியைப் போட்டால், முதலில் ஒருவர் "சார் பிரம்பு வச்சிருப்பார்" என்பார், பிறகு அத்தனை பேருக்கும் பிரம்புதான் ஞாபகம் வரும். மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லி ஒத்துப்போனால் அப்படியே எழுதலாம். ஒத்துவரவில்லை என்றால் இரண்டையும் எழுதி, யார் சொன்னது என்று குறியுங்கள். செல்போனில் பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், பழைய ஆட்களின் மெல்லிய குரலை அது விழுங்கிவிடும். நாற்பது நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் கேட்டால் களைத்துப்போய் "ஆமாமா, அப்படித்தான்" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்ட ஆரம்பிப்பார்கள்.

எழுதும்போது இனிப்பைக் கூட்டாதீர்கள். முட்டி போட வைத்தது, சாதி பார்த்துத் தனியே உட்கார வைத்தது, பணம் கட்ட முடியாமல் வெளியே நின்றது எல்லாம் நடந்ததுதான். கேட்கப்படாவிட்டால் பலர் சொல்ல மாட்டார்கள். "யார் யாரெல்லாம் அஞ்சாவதோட நின்னுட்டாங்க?" என்ற கேள்வி தவறாமல் இருக்கட்டும். வெளியே பகிரும்போது இத்தகைய இடங்களில் பெயரை மாற்றிவிடுங்கள், உண்மைப் பெயர் வீட்டுப் பிரதியில் மட்டும் இருக்கலாம்.

ஒரு நினைவுக்கு ஒரு பக்கம், தலைப்பில் கல்வியாண்டு, வகுப்பு, சொன்னவர் பெயர். ஒலிப்பதிவுக் கோப்புக்கும் அதே பெயரை வையுங்கள்: '1984-85, மூன்றாம் வகுப்பு, பெரியம்மா' என்பது போல. செல்போன் தானாக வைக்கும் எண்ணை அப்படியே விட்டால் ஆறு மாதம் கழித்து எது யாருடைய குரல் என்று திறந்து கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எழுதியதை ஒரு பிரதி அச்செடுத்து, வரைந்த படத்தோடு சேர்த்துத் தைத்து வையுங்கள்.