வேலை சலித்தபோது நான் செய்தது

மூன்று வருடமாக ஒரே அறிக்கை. மாதக் கடைசியில் நாலு எக்செல் கோப்புகளைத் திறந்து, எண்களை வெட்டி ஒட்டி, மேலாளருக்கு அனுப்புவேன். கண்ணைக் கட்டிக்கொண்டே செய்யலாம். சலிப்புத் தாங்காமல் காதில் பாட்டு, மேசையில் செடி, அரை மணிக்கொரு காபி என்று என்னென்னவோ செய்து பார்த்தேன். செடிதான் வளர்ந்தது.

அப்புறம் ஒருநாள் பழைய பள்ளி நோட்டு கையில் கிடைத்தது. ஒரு வடிவியல் கணக்கை ஆறு முறை அடித்து எழுதியிருந்தேன். ஏழாவது முறை விடை வந்ததும், தாள் கிழியும் அளவுக்கு அழுத்திக் கோடு போட்டிருக்கிறேன். பள்ளியில் போன சுற்றுலாக்கள் பாதி மறந்துவிட்டன. அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டிய இரவு மறக்கவில்லை.

சரி, கஷ்டமான ஒன்றையே எடுப்போம் என்று, அந்த அறிக்கையைத் தயாரிக்கப் பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுத இறங்கினேன். எனக்கு அதில் அரிச்சுவடிகூடத் தெரியாது. முதல் வாரம் அழாத குறை. தேதி ஒரு கோப்பில் நாள் முன்னால், இன்னொன்றில் மாதம் முன்னால். 03-04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்பதிலேயே இரண்டு நாள் போயிற்று. ஆனால் அந்த இரண்டு நாளும் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

வேலை நம் திறமைக்கு ரொம்ப எளிதானால் சலிப்பு, ரொம்பக் கடினமானால் பதற்றம், வேலையின் கடினமும் திறமையும் ஈடாகும் இடத்தில்தான் மூழ்கிப்போகிறோம் என்று உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி விளக்கியிருக்கிறார். அதனால் முதலில் ஒரு கோப்பு, அது ஓடியதும் இரண்டு என்று கூட்டினேன். முதல் வாரமே இப்படிச் செய்திருக்கலாம்.

இப்போது அறிக்கை ஒரு நிமிடத்தில் முடிகிறது. சலிப்பு மறுபடி எட்டிப் பார்க்கிறது. தரவுத்தளம் பக்கம் கண் போகிறது.