நடக்க மெஷின் எதற்கு? ஒரு டிரெட்மில் மெக்கானிக் சொல்வது

மும்பையில் டிரெட்மில், சைக்கிள், மல்டி ஜிம் ரிப்பேர் செய்வது என் தொழில். வீடு தாராவி 90 அடி ரோட்டுக்குப் பக்கம். வேலை முலுண்டிலிருந்து கொலாபா வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கும். நான் திறந்து பார்க்கிற மெஷின்களில் ஓடி ஓடித் தேய்ந்தவை குறைவு. ஓடாமல் நின்று கெட்டவைதான் அதிகம்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ் வீடுகளுக்குப் போனால் வேலை முடிந்ததும் காபி வரும், காபியோடு ஒரு கேள்வியும் வரும். "ஏம்பா, மாமாவுக்கு சுகர் ஏறிடுச்சு. நாங்களும் இது மாதிரி ஒண்ணு வாங்கலாமா?" என்று பக்கத்து வீட்டு மாமி வந்து நிற்பார். "மாமி, மாமா இப்ப நடக்கிறாரா?" என்று நான் திருப்பிக் கேட்பேன். "எங்கப்பா நடக்கறார், அதுக்குத்தானே மெஷின்!" அங்கேதான் சிக்கல். கீழே இறங்கி நடக்காதவர் மெஷின் மேல் ஏறியும் நடப்பதில்லை. முதல் மாதம் நடப்பார், அவ்வளவுதான்.

எதை வாங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம். உடம்புக்கு எது கிடைக்காமல் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரையின்படி, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி வேண்டும். கடுமையான பயிற்சி என்றால் 75 முதல் 150 நிமிடம் போதும். அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி. 65 வயது தாண்டியவர்களுக்கு, தடுமாறி விழாமல் இருப்பதற்கான பயிற்சியும் வாரம் மூன்று நாள். மிதமானது என்றால், பேச்சு வரும், பாட்டு வராது. அந்த அளவு மூச்சு வாங்கினால் சரி.

இந்த ஊர்க்காரர்களுக்கு நடை ஓரளவு தானாகவே கிடைத்துவிடுகிறது. ஸ்டேஷனுக்கு நடை, பாலம் ஏறி இறங்கல், இறங்கிய இடத்திலிருந்து ஆபீசுக்கு நடை. தசைக்கான பயிற்சிதான் ஏறக்குறைய யாருக்கும் கிடைப்பதில்லை. கனமாக எதையாவது தூக்கி வருஷக்கணக்கில் ஆகியிருக்கும். ஆனால் கடைக்குப் போனால் வாங்குவது என்னவோ நடக்கிற மெஷின்! அதனால் என் கணக்கு இதுதான்: நடையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள், வலுவுக்கு வேண்டியதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

வெளியே எங்கே என்று கேட்பவர்களுக்கு: சிவாஜி பார்க் மைதானத்தைச் சுற்றியுள்ள குட்டைச் சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தால் சுமார் 1.2 கிலோமீட்டர். விடியற்காலையில் அங்கே தனியாக நடக்கிற உணர்வே வராது, அவ்வளவு கூட்டம். மாட்டுங்கா, தாதர் பக்கத்தவர்களுக்கு ஃபைவ் கார்டன்ஸ் இருக்கிறது. மர நிழல் உண்டு, வெயில் ஏறிய பிறகும் நடக்கலாம். செம்பூர்க்காரர்களுக்கு டைமண்ட் கார்டன். போரிவலிப் பக்கம் இருப்பவர்கள் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை விட்டுவிட்டு வீட்டுக்குள் மெஷின் வாங்கினால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும்.

சேடா நகர் திருச்செம்பூர் முருகன் கோயிலுக்கு 108 படி. முழங்கால் நன்றாக இருப்பவர்கள் இரண்டு மூன்று முறை ஏறி இறங்கினால், மாடிப்படி மெஷின் செய்கிற வேலையெல்லாம் முடிந்தது. முருகன் தரிசனமும் ஆயிற்று. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்க வேண்டும்.

நீச்சல் தெரிந்தால் மாநகராட்சிக் குளங்களை விசாரியுங்கள். சிவாஜி பார்க் பக்கம் மகாத்மா காந்தி நீச்சல் குளம், செம்பூரில் ஜெனரல் அருண்குமார் வைத்யா நீச்சல் குளம். மூட்டுவலிக்காரர்களுக்கும் உடம்பு பருத்தவர்களுக்கும் தண்ணீரில் செய்கிற பயிற்சி மாதிரி சுகமானது வேறு இல்லை. குழந்தைகளை எங்காவது சேர்க்க வேண்டுமென்றால் சிவாஜி பார்க்கில் ஸ்ரீ சமர்த் வியாயாம் மந்திர் இருக்கிறது. அங்கே மல்லர் கம்பம் ஏறுகிற பிள்ளைகளை ஒரு நாள் நின்று பாருங்கள், எந்த மெஷினும் வாங்கத் தோன்றாது.

பூங்காக்களில் வைத்திருக்கும் திறந்தவெளி ஜிம் பற்றியும் கேட்கிறார்கள். கால்களை ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிற சாமான் மூட்டு இறுக்கத்தைத் தளர்த்தும், வலு கொடுக்காது. கம்பியைப் பிடித்துத் தொங்குவதும், நம் எடையையே தள்ளுகிற, இழுக்கிற சாமான்களும் உண்மையாகவே உதவும்.

ஜிம்மில் சேர நினைத்தால் ஒரே ஒரு விஷயம். நீங்கள் எந்த நேரத்தில் போவீர்களோ அந்த நேரத்தில் ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். மாலை 7 மணிக்கு ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று பேர் காத்திருப்பார்கள். தள்ளுபடி என்று வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்ட வேண்டாம், மாதச் சந்தாவில் ஆரம்பியுங்கள்.

சரி, யாருக்குத்தான் வீட்டில் மெஷின் தேவை? படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள். இரவு 10 மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கிற பெண்கள். ஷிப்ட் வேலைக்காரர்கள். கண்பார்வை குறைந்து, உடைந்த நடைபாதையில் தடுக்கி விழப் பயப்படும் முதியவர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையில் நடை நின்றுபோய், அதோடு சுகரும் ஏறுகிறவர்கள். இவர்களில் பாதிப் பேருக்கு நான் சைக்கிளைத்தான் சொல்வேன்.

ஏன் சைக்கிள்? எடை குறைவு, ஒரு ஆளே நகர்த்தி மூலையில் வைக்கலாம். பெரும்பாலானவற்றுக்குக் கரண்ட் வேண்டாம், டிஸ்ப்ளேக்கு பேட்டரி போட்டால் போதும். தரை அதிராது, கீழ் வீட்டுக்காரர் சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) மீட்டிங்கில் உங்கள் பெயரை எடுக்க மாட்டார். மேக்னட் ரெசிஸ்டன்ஸ், அதாவது பெடலுக்கு இறுக்கத்தைக் காந்தம் கொடுக்கிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். சக்கரத்தை ஃபெல்ட் பட்டை அழுத்துகிற மாடலில் பட்டை தேயும், சத்தமும் வரும். முதுகுவலி இருந்தால் சாய்ந்து உட்காரும் மாடல். சீட்டைச் சரியான உயரத்தில் வையுங்கள்; பெடல் அடியில் இருக்கும்போது கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். சைக்கிள் மிதித்து முழங்கால் வலிக்கிறது என்று சொல்கிற வீட்டில் நான் முதலில் பார்ப்பது சீட்டைத்தான். பெரும்பாலும் சீட் தாழ்வாக இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் டிரெட்மில்தான் வேண்டும் என்றால், முதலில் மூன்று மாதம் வாடகைக்கு எடுங்கள். மும்பையில் மாத வாடகைக்குக் கிடைக்கிறது. மூன்றாவது மாதமும் நடக்கிறீர்கள் என்றால் வாங்கலாம்.

வாங்கும்போது மோட்டாரைப் பாருங்கள். பெட்டி மேல் பெரிதாக எழுதியிருப்பது பீக் எச்.பி.; ஒரு நொடி இழுக்கிற உச்ச சக்தி அது. நமக்கு வேண்டியது தொடர்ந்து இழுக்கிற சக்தி, அதாவது கன்டினியுவஸ் எச்.பி. நடைக்கு 1.5 முதல் 2, ஓட்டத்துக்கு 2.5-க்கு மேல். பருத்த உடம்புக்காரர் மெதுவாக நடந்தால் மோட்டாருக்குச் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். நிஜத்தில் குறைந்த வேகத்தில் அதிக எடையை இழுக்கும்போதுதான் அது சூடாகிறது. அதனால் மெஷின் தாங்கும் எடை, உங்கள் எடையைவிட 20, 25 கிலோ கூடுதலாக இருக்கட்டும். பெல்ட் அகலம் நடைக்கு 40 சென்டிமீட்டர் போதும். ஓடுகிறவர்களுக்கு 50 அகலம், 140 நீளம்.

அப்புறம் இடம். டேப் எடுத்து அளங்கள். மெஷினுக்குப் பின்னால் ஆறடி காலியாக இருக்க வேண்டும். தவறி விழுந்தால் பின்பக்கச் சுவரில் மோதி பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளக் கூடாது. தலைக்கு மேலேயும் பாருங்கள். மெஷின் மேல் ஏறி நின்றால் ஒரு சாண் உயரம் கூடும். பரண் இருக்கிற பழைய வீடுகளில் நெடிய பையன் தலை பரணில் இடிக்கும், சில வீடுகளில் ஃபேன் இருக்கும். மடித்து வைக்கலாம் என்று கடைக்காரர் சொல்வது உண்மைதான், மடித்தாலும் ஒரு பீரோவுக்கான இடம் போய்விடும்.

பிளக் 16 ஆம்பியர் பவர் பாயிண்டாக, எர்த் சரியாக உள்ளதாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. கீஸரும் இதுவும் ஒரே லைனில் இருந்தால் எம்.சி.பி. (லோடு கூடினால் கரண்டைத் தானாக நிறுத்தும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருக்கும்.

வாங்கிய பிறகு பராமரிப்பு. பெல்ட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் சிலிக்கான் ஆயில் விட வேண்டும், 20, 30 மில்லி போதும். தினமும் ஓடுகிற மெஷினுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்தால் சரி. தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதுவும் வேண்டாம், பெல்ட் வீணாகும். பெல்ட் காய்ந்தால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும், கடைசியில் கன்ட்ரோல் போர்டு எரியும். எனக்கு வரும் பெரிய பில்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கினால், மெதுவாக ஓடவிட்டு, பின்னால் உள்ள வலது போல்ட்டை எலன் கீயால் (எல் வடிவ அறுகோணச் சாவி) கால் சுற்று மட்டும் கடிகார முள் திசையில் திருப்பி ஒரு நிமிடம் பொறுங்கள். இதற்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.

மழைக்காலத்தில் யாரும் நடக்காவிட்டாலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் மெஷினை ஓடவிடுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே தங்கும், பழைய பருத்திப் போர்வை நல்லது. மெஷின் மேல் ஈரத்துணி காயப்போட்டால் சொட்டுகிற தண்ணீர் முன்பக்க மூடி வழியாக இறங்கி போர்டுக்குப் போகும். குழந்தைகள் உள்ள வீட்டில் சேஃப்டி கீயை (அது இல்லாமல் மெஷின் ஓடாது) கழற்றி உயரமான இடத்தில் வைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஓடுகிற பெல்ட்டில் சின்ன விரல்கள் மாட்டினால் தோல் உரிந்துவிடும்.

திரையில் காட்டும் கலோரியை வைத்து இன்னொரு ஜாங்கிரி சாப்பிட வேண்டாம். பல மெஷின்கள் உங்கள் எடையைக்கூடக் கேட்பதில்லை, பிறகு எப்படிச் சரியாகச் சொல்லும்? கைப்பிடியில் காட்டும் இதயத்துடிப்பும் அப்படித்தான்.

வலுவுக்கு வருவோம். இதற்குச் செலவு கம்மி. முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கைவைத்துத் தண்டால், பஸ்கி, 5 லிட்டர் தண்ணீர் கேனைத் தரையிலிருந்து தூக்குவது. 5 லிட்டர் என்றால் 5 கிலோ, கணக்கு சுலபம். அந்த மாதம் நிற்காமல் செய்தால் டம்பெல் வாங்குங்கள். பழக்கமில்லாத பெண்களுக்கு 3 கிலோவில் ஒரு ஜோடி, 5 கிலோவில் ஒரு ஜோடி. ஆண்களுக்கு 5-ம் 10-ம். சிமெண்ட் நிரப்பிய பிளாஸ்டிக் டம்பெல் டைல்ஸ் தரையில் விழுந்தால் வெடிக்கும். வெறும் இரும்பு இந்த ஊர்க் காற்றில் துருப்பிடிக்கும். ரப்பர் பூசிய அறுகோண டம்பெல் கொஞ்சம் விலை அதிகம், ஆனால் உருளாது, தரையும் தப்பும். ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை) வாங்கினால் ஜன்னல் வெயிலில் தொங்கவிடாதீர்கள், வெடிப்பு விட்டு ஒரு நாள் முகத்தில் அடிக்கும். கர்லாக்கட்டை ஆசை இருந்தால் தெரிந்த ஒருவரிடம் கற்றுக்கொண்டு, மொட்டை மாடியில் சுற்றுங்கள்.

இடுப்பில் கட்டும் வியர்வை பெல்ட், உடம்பைக் குலுக்கும் மெஷின் இரண்டையும் நான் ரிப்பேருக்கே எடுப்பதில்லை. வியர்வையில் போவது தண்ணீர். ஒரு சொம்பு குடித்தால் எடை திரும்ப வந்துவிடும்.

நெஞ்சுவலி, இதய நோய், கட்டுக்குள் வராத பி.பி. இருப்பவர்கள், சுகருக்கு இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே எதையும் ஆரம்பிக்க வேண்டும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதென்றால் மே மாதத்தில் தேடுங்கள். மாற்றலாகிப் போகிறவர்கள் பாதி விலைக்கும் கீழே தருவார்கள். போட்டோ பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள், நேரில் போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி இருபது நிமிடம் நடங்கள். கருகல் வாடை வருகிறதா, கால் வைக்கும்போது பெல்ட் ஒரு நொடி நிற்கிறதா, முன்மூடி கொதிக்கிறதா என்று கவனியுங்கள். பெல்ட்டின் அடிப்பக்கம் கண்ணாடி போல் பளபளத்தால் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பேரம் முடிந்ததும் உங்கள் லிஃப்டின் அகலத்தை அளந்துவிட்டு டெம்போவுக்குச் சொல்லுங்கள். லிஃப்டில் நுழையாவிட்டால் மாடிக்கு இவ்வளவு என்று கூலியாட்கள் தனியாகக் கேட்பார்கள். அந்தக் கூலியையும் யார் கொடுப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.