ஹ்மாங்கும் மலையாளமும்: உறவில்லாத இரு மொழிகளை ஒப்பிடும் முறை

மலையாளம் திராவிட மொழி. ஹ்மாங், தென்சீனத்திலிருந்து வியட்நாம், லாவோஸ், தாய்லாந்து மலைப்பகுதிகள் வரை பேசப்படும் ஹ்மாங்-மியன் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டுக்கும் பொதுவான மூதாதை கிடையாது. எனவே சொற்களை அடுக்கி ஒற்றுமை தேடினால் காலம்தான் வீணாகும். ஒரே செய்தியைச் சொல்ல எந்த மொழி எந்தக் கருவியைக் கையாள்கிறது என்று பாருங்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

முதலில் எந்த மொழிவழக்கு என்று முடிவு செய்யுங்கள். வெள்ளை ஹ்மாங், பச்சை ஹ்மாங் என்று இரண்டு பெரிய வழக்குகள் உண்டு. நாய்க்கு வெள்ளையில் 'டே', பச்சையில் 'ட்லே'. இரண்டு அகராதிகளிலிருந்தும் கலந்து எடுத்தால் பட்டியல் முழுவதும் பாழாகும். மலையாளத்திலும் எழுத்து வழக்கா பேச்சு வழக்கா என்று ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளவை வெள்ளை ஹ்மாங்கும் எழுத்து மலையாளமும்.

அடுத்து எழுத்து. ஹ்மாங்குக்கு 1950களின் தொடக்கத்தில் லாவோஸில் உருவான ரோமன் எழுத்துமுறையில் சொல்லின் கடைசி மெய்யெழுத்து ஒலிக்காது. அது தொனியின், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கத்தின், அடையாளம். புதிதாகப் படிப்பவர்கள் தவறாமல் இடறும் இடம் இது. இங்கே ஒலியைத் தமிழில் எழுதி, கோட்டுக்குப் பின் தொனி எழுத்தின் பெயரைத் தருகிறோம். 'போ' என்ற அசையை எடுத்துக்கொள்ளுங்கள்:

போ-பி (உயர்ந்த சமநிலை): பந்து
போ-ஜே (உயர்ந்து இறங்குவது): பெண்
போ-வி (நடுவிலிருந்து ஏறுவது): எறி
போ (எழுத்து இல்லை, நடு): மண்ணீரல்
போ-எஸ் (தாழ்ந்தது): முள்
போ-ஜி (மூச்சு கலந்து இறங்குவது): அப்பாவின் அம்மா
போ-எம் (தாழ்ந்து, தொண்டை இறுகுவது): பார், காண்

எட்டாவதாக 'டி' குறிக்கும் தாழ்ந்தேறும் தொனியும் உண்டு; அது அரிது என்பதால் முதல் சுற்றில் விட்டுவிடலாம்.

பதிவு செய்யும்போது சொல்லைத் தனியாகச் சொல்லச் சொல்லாதீர்கள். 'நான் சொல்கிறேன்' என்று பொருள்படும் 'கு-வி ஹை-எஸ்' என்பதற்குப் பின்னால் அதை வையுங்கள். காரணம் உண்டு: பி, ஜே தொனிச் சொற்களுக்குப் பின்னால் வரும் சொல்லின் தொனி மாறக்கூடும், எஸ் தொனிக்குப் பின் அந்தத் தொந்தரவு இல்லை. ஒலியை ஆராயும் ப்ராட் மென்பொருளில், குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சுருதிக்கோட்டை மட்டும் பார்த்து முடிவெடுப்பதும் தவறு. ஜே, ஜி இரண்டும் இறங்குபவை. பெண்ணையும் பாட்டியையும் பிரிப்பதில் மூச்சு கலந்த குரலுக்குப் பெரும் பங்கு உண்டு. எம் தொனியில் குரல் கரகரப்பதால் கோடு தாவும் அல்லது அறுந்துபோகும். அது பதிவின் கோளாறு அல்ல, தொனியின் இயல்பு.

மலையாளத்தில் தொனி இல்லை. அந்த வேலையை நெடிலும் இரட்டிப்பும் மெய்யொலிகளின் செறிவும் செய்கின்றன: பட்டு, பாட்டு, பனி (காய்ச்சல்), பந்நி (பன்றி). மூக்கொலி மட்டும் ஆறு: கம்மி, பந்நி, கன்னி, கண்ணி, கஞ்ஞி, மங்ஙி. மலையாள எழுத்து ந, ன இரண்டுக்கும் ஒரே வடிவத்தைத் தருகிறது. தமிழ் எழுத்திலோ அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியும். ஆகவே குறிப்பேட்டில் மலையாளத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுவது நமக்கு உண்மையான வசதி.

இனி வாக்கியம். ஒரே பொருளுள்ள ஐம்பது வாக்கியங்களாவது தயாரியுங்கள். காலம், எதிர்மறை, உடைமை, இடம், எண்ணிக்கை எல்லாம் அதில் வரவேண்டும். ஒவ்வொன்றின் கீழும் உறுப்பு (பொருள் தரும் மிகச்சிறிய பகுதி) பிரித்து எழுதுங்கள்.

சோறு உண்பதை வைத்துத் தொடங்கலாம். மலையாளம்: ஞான் சோறுண்ணுந்நு, சோறுண்டு, சோறுண்ணும், சோறுண்ணுந்நில்ல. வினை கடைசியில் நிற்கிறது. காலமும் மறுப்பும் அதன் வாலில் ஒட்டுகின்றன. ஹ்மாங்கில் 'கு-வி நோ-ஜே மோ-வி': நான், உண், சோறு. வினை நடுவில், எந்த விகுதியும் இல்லை. மறுக்க வேண்டுமானால் வினைக்கு முன் 'ட்ஷி-எஸ்', வரப்போவதைச் சொல்ல 'யுஅ-வி' என்று தனிச்சொல் வரும். வினைச்சொல் அசையாது.

இங்கே தமிழர் கவனிக்கத் தவறுவது ஒன்று. ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு: மலையாள வினையிலும் 'ஏன், ஆன், ஆள்' கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் மலையாளம் தமிழை விட்டு ஹ்மாங்கின் பக்கம் நிற்கிறது. தமிழ்ப் பழக்கத்தில் மலையாளத்துக்கும் பால்விகுதி இருப்பதாக அட்டவணை போட்டுவிடாதீர்கள்.

பிரதிப்பெயரில் பெட்டிகளை முன்கூட்டியே சரியாக வரையுங்கள். ஒருமை, பன்மை என்று இரண்டு மட்டும் போதாது. ஹ்மாங்கில் 'நாம் இருவர்', 'நீங்கள் இருவர்', 'அவர்கள் இருவர்' என்பதற்குத் தனிச்சொற்கள் உள்ளன. மலையாளத்தில் இருமை இல்லை. ஆனால் கேட்பவரை விலக்கும் 'ஞங்ஙள்', சேர்த்துக்கொள்ளும் 'நம்மள்' உண்டு. அவன், அவள் பிரிவும் உண்டு. ஹ்மாங்கில் இருவருக்கும் ஒரே சொல்.

எண்ணும்போது ஹ்மாங் பொருளின் வகையைச் சுட்டும் ஒரு சொல்லை இடையில் வைக்கும். வீட்டுக்கு 'லு-பி', மனிதருக்கும் விலங்குக்கும் 'து-எஸ்'. அந்த 'து-எஸ்' ஒன்று போன்ற சில எண்களுக்குப் பின் 'து-ஜி' ஆகும்: 'இ-பி து-ஜி டே-வி', ஒரு நாய். இரண்டும் வேறு சொற்கள் என்று தனித்தனியாகப் பதிந்தால் கணக்கு பிசகும். இவ்வகைச் சொல் உடைமையிலும் வரும்: 'கு-வி லு-பி ட்ஷே-வி' என்றால் என் வீடு. மலையாளத்தில் 'என்றெ வீடு' போதும். உடையவர் முன்னால் வருவது இரண்டிலும் ஒன்றே. அடைமொழியில் பிரிகின்றன: மலையாளத்தின் 'கறுத்த பட்டி' (கறுப்பு நாய்) என்பதை ஹ்மாங் 'நாய் கறுப்பு' என்றே அடுக்கும்.

ஒரு சொல்லுக்குள் எத்தனை உறுப்புகள் செறிந்திருக்கின்றன என்பதை எண்ணால் காட்ட, உறுப்புகளின் எண்ணிக்கையைச் சொற்களின் எண்ணிக்கையால் வகுங்கள். 'என்றெ வீட்டில்': இரண்டு சொல், நான்கு உறுப்பு, விகிதம் 2. ஹ்மாங்கில் 'ஹௌ-வி கு-வி லு-பி ட்ஷே-வி': நான்கு சொல், நான்கு உறுப்பு, விகிதம் 1. ஐம்பது வாக்கியத்துக்கும் சராசரி எடுத்தபின் மட்டும் பேசுங்கள். ஒற்றை வாக்கியம் ஏமாற்றும்.

கடைசியாக, தற்செயல் ஒற்றுமைகளைத் தனித் தாளில் ஒதுக்குங்கள். ஹ்மாங்கில் பெயருக்கு 'ம்பே', மலையாளத்தில் 'பேரு'. மனம் துள்ளும். ஆனால் 'பேரு' என்பது 'பெயர்' என்ற ஈரசைச் சொல்லின் சுருக்கம். ஹ்மாங் சொல்லின் 'ம்ப்' பிரிக்க முடியாத ஒரே முதலொலி. ஒரு ஜோடி உறவாகாது: பல சொற்களில் ஒரே ஒலி ஒரே விதமாக மாறிவந்திருக்க வேண்டும், இங்கே அப்படி ஒரு வரிசையும் இல்லை.