கொழுப்பு காட்டும் எடைக்கருவி: நடைக்கு முன்பே ஏறிவிடுங்கள்

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்துவிட்டு, வியர்வை காயுமுன் உடல் கொழுப்பு காட்டும் எடைக்கருவியில் ஏறுபவர்கள் பலர். அந்த எண்ணை நம்பாதீர்கள்.

இக்கருவி கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. பாதம் வழியே மிக மெல்லிய மின்சாரத்தைச் செலுத்தி, உடல் எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கிறது. நீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், கொழுப்பு தடுக்கும். மதுரை வெயிலில் உடலின் நீர் வற்றினால் தடை கூடுகிறது. கருவியோ அதைக் கொழுப்பு என்றே கணக்கிடுகிறது. முந்தைய நாள் இரவு பரோட்டாவும் உப்பான சால்னாவும் சாப்பிட்டிருந்தால் உடலில் நீர் தங்கி, எடையும் கூடித் தெரியும்.

ஆகவே காலையில் எழுந்து, கழிப்பறை சென்று வந்ததும், காப்பிக்கும் நடைக்கும் முன்பு வெறுங்காலுடன் ஏறுங்கள். கருவி பாயில் அல்ல, சமமான தரையில் இருக்கட்டும். உயரம், வயது, பாலினம் ஆகியவற்றைச் சரியாகப் பதிந்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள்; கணக்கே அவற்றை வைத்துத்தான்.

ஒரு நாள் எண்ணுக்கு மனம் தளர வேண்டாம். வாரச் சராசரியை எழுதி வையுங்கள், ஒரு மாதப் போக்கைப் பாருங்கள். இடுப்பையும் டேப்பால் அளந்துகொள்வது நல்லது. எடை அசையாத வாரத்திலும் இடுப்பு குறையலாம்.

முக்கியமாக, இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இதில் ஏறவே கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும்.