கேமராவை அப்புறம் வாங்கலாம்

விலங்கியல் படித்துவிட்டுக் காட்டுயிர்ப் படங்கள் பக்கம் போக ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது "எந்த லென்ஸ் வாங்கலாம்" என்றுதான். அதை ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள். ஒரு நோட்டு, பென்சில் (மழையில் பேனா மை கரைந்துவிடும்), சுமாரான பைனாகுலர், இவை போதும்.

ஊர்ப் புளியமரத்து நாட்டுக் குரங்குகளிடமே ஆரம்பிக்கலாம். காது கிழிந்தது, வால் நுனி போனது என்று அடையாளம் தெரிகிற ஒரு குரங்கைத் தேர்ந்தெடுத்து, பத்து நிமிஷம் அதை மட்டும் பார்த்து எழுதுங்கள்: 7.42 புளியங்கொழுந்து தின்கிறது, 7.45 குட்டிக்குப் பேன் பார்க்கிறது, 7.46 இலை மறைக்கிறது, தெரியவில்லை. அந்தத் "தெரியவில்லை"யையும் எழுதத்தான் வேண்டும். பக்கத்தில் இரண்டு கடுவன்கள் கட்டிப் புரண்டாலும் கண் அங்கே போகக் கூடாது, ஏனென்றால் சுவாரசியமானதை மட்டும் குறித்தால் குரங்குக்குச் சண்டையே பிழைப்பு என்று கணக்கு வந்துவிடும். விலங்கு நடத்தை ஆய்வாளர் ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரை இந்த முறைகளை அலசுகிறது, தேடிப் படியுங்கள்.

படிப்பு என்றால் மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி, டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம் போன்ற இடங்களில் காட்டுயிர் உயிரியல் அல்லது காட்டுயிர் அறிவியல் முதுகலை. அப்புறம் ஏதாவது ஆய்வுத் திட்டத்தில் உதவியாளர் வேலை. சம்பளத்தைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், வால்பாறைப் பக்கம் மாட்டினால் அட்டைக்கடி இலவசம். கூட வரும் வனத்துறை வாட்சரிடம் கேட்டுப் பழகுங்கள், முறிந்த மூங்கிலைப் பார்த்தே யானை எப்போது போனது என்று சொல்லிவிடுவார்கள். சரணாலயத்துக்குள் ஆய்வோ படப்பிடிப்போ செய்ய, 1972ஆம் வருஷ வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கலாம், சீக்கிரமே விண்ணப்பியுங்கள்.

சரி, இப்போது கேமரா. காட்டுயிர்ப் படங்கள் எடுக்கும் சென்னைக்காரர் சேகர் தத்தாத்ரி பையனாக இருக்கும்போதே பாம்புப் பண்ணைக்கு உதவப் போனவர், விலங்கியல் படித்தவர், படமெடுக்க வந்தது அதற்கப்புறம்தான். நோட்டு ஒழுங்காக இருந்தால் விலங்கு எத்தனை மணிக்கு எந்தக் கிளைக்கு வரும் என்று ஓரளவு தெரியும், நீங்கள் முன்பே போய் உட்கார்ந்திருக்கலாம். விலங்கு போன பிறகும் கேமராவைப் பத்து விநாடி ஓடவிடுங்கள். கிளம்பும் முன் யாரும் பேசாமல் இரண்டு நிமிஷம் காட்டின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள், அது இல்லாவிட்டால் எடிட்டர் உங்களைத் திட்டுவார்.

படத்துக்குப் பின்னணி பேசும்போது "இவ்வினமானது" வேண்டாம், பக்கத்து வீட்டுப் பாட்டிக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள். தேவாங்கு, ஆந்தைக் கூடு என்று எதையாவது எடுத்திருந்தால் இடத்தின் பெயரைப் போடாதீர்கள், ஃபோனில் லொகேஷனையும் அணைத்துவிடுங்கள்.