நர்சிங், பிஸியோ, டாக்டர் படிப்பு: சீட் எடுப்பதற்கு முன்பே பணத்தைப் பற்றிக் கேளுங்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து என் போன் ஓயாது. எங்கள் தெருவிலிருந்து நர்ஸ் வேலைக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், "அக்கா, பாப்பாவை நர்சிங் சேர்க்கணும், எவ்வளவு ஆகும், ஸ்காலர்ஷிப் ஏதாவது கிடைக்குமா" என்று கேட்பார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் அதற்குள் ஏதோ ஒரு கல்லூரியில் அட்வான்ஸ் கட்டிவிட்டு வந்திருப்பார்கள். அங்கேதான் எனக்கு மனசு உடைந்துபோகும். சேர்ந்த பிறகு ஸ்காலர்ஷிப்பைத் தேடிக்கொள்ளலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் எந்த வழியாகச் சேர்கிறோம் என்பதிலேயே முக்கால்வாசி உதவி வருமா வராதா என்று முடிவாகிவிடுகிறது.

நானும் அப்படித்தான் மாட்டினேன். அம்மா பீடி சுற்றுகிறவர், அப்பா கொத்தனார். 2011-ல் ஒரு ஏஜென்ட் வீட்டுக்கே வந்து, "கவுன்சிலிங் வர மாசக்கணக்கா ஆகும், அதுக்குள்ள சீட் எல்லாம் போயிடும்" என்று சொல்லி, ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில், அதாவது கல்லூரியே நேராகக் கொடுக்கிற சீட்டில், சேர்த்துவிட்டார். என் மார்க்குக்கு, அரசே மார்க் வரிசைப்படி சீட் ஒதுக்குகிற கவுன்சிலிங்கிலேயே இடம் கிடைத்திருக்கும் என்று பிறகு தெரிந்தது. அப்படிச் சேர்ந்திருந்தால் முதல் பட்டதாரி சலுகை வந்திருக்கும். நான்கு வருஷமும் அதை இழந்தேன்.

அதனால் முதல் வேலை, கவுன்சிலிங்குக்கு விண்ணப்பிப்பது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டுக்கும் நீட் மார்க். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம், பிஸியோதெரபி, ரேடியோகிராபி, ஆப்டோமெட்ரி மாதிரியான பாராமெடிக்கல் படிப்புகளுக்கு வழக்கமாக பிளஸ் டூ மார்க்தான், நீட் கேட்பதில்லை; பிஸியோதெரபிக்கு மட்டும் அந்தந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக் குழு இதை ஆன்லைனில் நடத்துகிறது. அரசுக் கல்லூரி இடங்கள் மட்டுமல்ல, தனியார் கல்லூரிகளில் இருக்கிற அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதே வழியாகத்தான் வரும். காத்திருக்கும் அந்த மாசங்கள்தான் ஏஜென்ட்டுகளுக்கு அறுவடைக் காலம், பெங்களூரு பக்கம் கூட்டிக்கொண்டு போவதும் அப்போதுதான். வெளிமாநிலத்தில் சேர்ந்தால் நம் ஒற்றைச் சாளர முறையில், அதாவது இந்தக் கவுன்சிலிங் வழியாக, வருகிற சலுகைகள் கூட வராது. அப்படியே போனாலும் அந்தக் கல்லூரி இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு ரூபாய் கூட கட்டாதீர்கள்.

கவுன்சிலிங் இடம் கிடைத்தால் என்னென்ன திறக்கிறது என்று சொல்கிறேன்.

வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ். இது 2010-11-லிருந்து இருக்கிறது. ஒற்றைச் சாளர முறையில் தொழிற்படிப்பில் சேர்கிறவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை, வருமான வரம்பு கிடையாது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன், வருமானச் சான்றில் தொகை கூடிப்போனவர்கள்கூட இதைக் கேட்கலாம். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் விசாரித்துக் கொடுக்கும். குடும்பத்தில் உள்ளவர்களின் படிப்பு விவரமெல்லாம் கேட்பார்கள், விசாரணைக்கு நாளாகும், ரிசல்ட்டுக்காகக் காத்திருக்காமல் தேர்வு முடிந்த கையோடு போட்டுவிடுங்கள்.

எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்குப் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப், அதாவது பத்தாவதுக்கு மேல் படிக்கிறவர்களுக்கான உதவித்தொகை. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கட்டணத்தோடு செலவுக்கு ஒரு படித்தொகையும் உண்டு. எஸ்.சி. மாணவர்களுக்கு எம்.பி.பி.எஸ். என்றால் விடுதியில் இருப்பவருக்கு ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து போகிறவருக்கு 7,000 ரூபாய், நர்சிங், பார்மசி, பாராமெடிக்கல் என்றால் 9,500, 6,500. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இந்தத் திட்டம் இல்லை. இதில் குழப்பம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. 2021-லிருந்து எஸ்.சி. ஸ்காலர்ஷிப்பில் மத்திய அரசின் பங்கான 60 சதவீதம் நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. நம் கணக்கில் விழுந்துவிட்டதே என்று வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டு, பிறகு கல்லூரி கேட்கும்போது திணறுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதில் கட்டணத்துக்கான பகுதி கல்லூரிக்குப் போக வேண்டிய பணம், தனியாக வைத்துவிடுங்கள்.

பி.சி., எம்.பி.சி., சீர்மரபினருக்கும் மாநில அரசின் உதவித்தொகை இருக்கிறது, அதற்கும் இப்போது வருமான வரம்பு 2.5 லட்சம்தான்.

அரசுப் பள்ளியில் படித்து எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., சித்தா, ஹோமியோபதி போகிறவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அந்த வருஷம் நவம்பரில் நடந்த முதல் கவுன்சிலிங்கில், தனியார் கல்லூரி கிடைத்த சில பிள்ளைகள் கட்டணத்துக்குப் பயந்து சீட்டே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. எனவே இந்த ஒதுக்கீட்டில் உங்களுக்குத் தனியார் கல்லூரி வந்தால் பயந்து விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாசம் 1,000 ரூபாயையும் விடக்கூடாது. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் (2022 செப்டம்பரில் தொடங்கியது), பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024 ஆகஸ்ட்). அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது வந்துவிட்டது. வேறு ஸ்காலர்ஷிப் வாங்கினாலும் இதை வாங்கலாம். நான்கு வருஷ நர்சிங்குக்குக் கணக்குப் போட்டால் 48,000 ரூபாய் ஆகிறது. சீருடை, ஷூ, ரெக்கார்டு நோட்டு, கிளினிக்கல் போஸ்டிங் என்கிற மருத்துவமனைப் பயிற்சிக்குப் போக வர ஆகிற செலவுக்கெல்லாம் அந்த ஆயிரம் எவ்வளவு பெரிய தெம்பு என்பது ஒவ்வொரு மாசமும் வீட்டுக்குப் போன் பண்ணிக் காசு கேட்டவர்களுக்குத்தான் தெரியும். பள்ளியின் எமிஸ் எண்ணை (பள்ளி மாணவர் பதிவு எண்) கையில் வைத்துக்கொள்ளுங்கள், கல்லூரியில் யுமிஸ் என்கிற கல்லூரி மாணவர் பதிவு போடும்போது கேட்பார்கள்.

பணம் வராததற்கு நான் பார்த்த முக்கியமான காரணம் வங்கிக் கணக்கு. ஆதார் நம்பரை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, அரசுப் பணம் அந்தக் கணக்கில் வந்து விழுகிற மாதிரி ஆதாரைச் சீடிங் செய்திருப்பது வேறு. அரசு நேராகக் கணக்கில் போடுகிற பணத்துக்கு டி.பி.டி. என்று பெயர். கவுன்டரில் போய் "டி.பி.டி. பணம் வரணும், ஆதார் சீடிங் ஆகியிருக்கா பாருங்க" என்று அதே வார்த்தையில் கேளுங்கள். கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் இனிஷியல் உட்பட பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

ஊரில் அதிகம் பேர் கவனிக்காத சில வழிகளும் உண்டு. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத் துறை கொடுக்கும் கல்வி உதவி, எம்.பி.பி.எஸ். போன்ற தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000, பட்டப்படிப்புக்கு 6,000. தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்க வேண்டும், அம்மாவின் பீடி அடையாள அட்டை வேண்டும். தென்காசி, திருநெல்வேலி, குடியாத்தம் பக்கம் எத்தனை வீட்டில் அந்த அட்டை டிரங்குப் பெட்டியில் சும்மா கிடக்கிறது! எங்கள் வீட்டிலும் அப்படித்தான் கிடந்தது, எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பா கட்டட வேலை என்றால் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு இருக்கிறதா, புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள், அங்கேயும் பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை உண்டு. முன்னாள் ராணுவ வீரர் பிள்ளை பிளஸ் டூவில் 60 சதவீதம் எடுத்திருந்தால் பிரதமர் ஸ்காலர்ஷிப், பெண்ணுக்கு மாசம் 3,000, பையனுக்கு 2,500. பிளஸ் டூவில் நல்ல மார்க், வேறு எந்த ஸ்காலர்ஷிப்பும் வாங்கவில்லை, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் அதே தேசிய போர்ட்டலில் சென்ட்ரல் செக்டார் ஸ்காலர்ஷிப், முதல் மூன்று வருஷம் ஆண்டுக்கு 12,000, நான்காம் வருஷத்திலிருந்து 20,000. அது தொடர வேண்டுமானால் வருஷா வருஷம் 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொன்று. ராணுவ நர்சிங் சேவையின் பி.எஸ்சி. நர்சிங். புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு இடங்களில் படிப்பு, மொத்தம் 220 இடம். நீட் மார்க்கை வைத்துக் கூப்பிடுவார்கள், அதன் பிறகு ஒரு தேர்வும் நேர்காணலும் உண்டு. படிப்பு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், முடித்ததும் அதிகாரியாக வேலை, அங்கேயே வேலை செய்வேன் என்று பாண்ட் (ஒப்பந்தம்) எழுதிக் கொடுக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்று அழுதுகொண்டிருக்கும் நீட் எழுதிய பிள்ளையிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள்.

இதெல்லாம் போக மிச்சத்துக்குக் கல்விக் கடன். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் மனுஷரை அலைக்கழிக்கிறார்கள். நான் போன கிளையில் மேனேஜர் விண்ணப்பத்தையே வாங்கவில்லை. "நர்சிங்குக்கு லோன் கொடுத்தா திரும்ப வராதும்மா" என்று என் அப்பா முன்னாடியே சொன்னார். அப்பா அதற்குப் பிறகு எந்த வங்கிக்கும் என்னோடு வரவில்லை. மூன்று வாரம் அலைந்து வேறு ஒரு கிளையில் வாங்கினேன், வாங்கிய கடனை முழுசாக அடைத்தும் விட்டேன்.

அதனால் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி ஆன்லைன் போர்ட்டலில் விண்ணப்பியுங்கள், அதற்கு ஒரு நம்பர் இருக்கும், தேதி இருக்கும். 4 லட்சம் வரை வங்கி எந்தச் சொத்துப் பிணையும் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மறுப்பதாக இருந்தால் மேலதிகாரியின் ஒப்புதலோடு காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும், அந்தக் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். கிளையில் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கிற மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். மாவட்டத்தில் உள்ள வங்கிகளை ஒருங்கிணைக்க முன்னோடி வங்கி மேலாளர் என்று ஒருவர் இருக்கிறார், மனு அவரிடம் போகும். கல்விக் கடன் முகாம் போட்டால் அதற்கும் போங்கள்.

கல்லூரியிலிருந்து, இங்கே படிக்கிறார் என்று சொல்கிற போனஃபைடு சான்றிதழோடு, ஒவ்வொரு வருஷத்துக்கும் என்னென்ன கட்டணம் என்று பிரித்து எழுதிய கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். விடுதி, தேர்வுக் கட்டணம், புத்தகம், சீருடை இதெல்லாம்கூடக் கடனில் சேரும், கல்லூரி எழுதிக் கொடுக்காவிட்டால் வங்கி சேர்க்காது. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், அவர்கள் பெயரில் நகைக் கடனோ மகளிர் குழுக் கடனோ தவணை தவறியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் போங்கள்.

வட்டி விஷயத்தில் இரண்டு சங்கதி. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தகுதியுள்ள கல்லூரியாகவும் இருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கிற காலம் மற்றும் அதற்கு மேல் ஒரு வருஷத்துக்கான வட்டியை மத்திய அரசே கட்டும். இது தானாக நடக்காது. வருமானச் சான்றை வங்கியில் கொடுத்து, வட்டி மானியத்துக்கு என் பெயரை ஏற்றுங்கள் என்று கேட்க வேண்டும். உடல்நிலை போன்ற காரணம் இல்லாமல் பாதியில் படிப்பை விட்டால் மானியம் போய்விடும். இந்த மானியம் கிடைக்காதவர்கள், முடிந்தால் படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவாருங்கள். முதல் வருஷம் 75,000 ரூபாய் எடுத்து வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மாசம் 625 ரூபாய்தான் வருகிறது. நான் அதைக் கட்டவில்லை, வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு வருஷச் சம்பளத்தில் பாதி அதற்கே போனது.

பிரதம மந்திரி வித்யாலட்சுமி என்று 2024 நவம்பரில் இன்னொரு திட்டம் வந்திருக்கிறது, மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும். அங்கே பிணையும் ஜாமீனும் கேட்க மாட்டார்கள், வருமானம் 8 லட்சம் வரை உள்ளவர்களுக்கு 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. இதிலும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இடமில்லை.

தங்குமிடத்துக்கு, கல்லூரி விடுதியில் பணம் கட்டும் முன் அரசின் சமூகநீதி விடுதியில் இடம் கேளுங்கள். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்குத்தான் 2025-ல் இந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள், சாப்பாடும் இருப்பிடமும் இலவசம். நர்சிங் மாணவிகள் போஸ்டிங்குக்குப் போகச் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை, அதை மனசில் வைத்துக் கல்லூரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

கடைசியாக, சேர்கிற நாளில். ஒரிஜினல் மார்க் ஷீட்டை ஏஜென்ட் கையில் ஒருபோதும் கொடுக்காதீர்கள். கல்லூரி சரிபார்க்கக் கேட்டால் காட்டுங்கள், வாங்கி வைத்தால் என்னென்ன வாங்கினோம் என்று முத்திரையோடு எழுதி வாங்குங்கள், ஸ்கேன் எடுத்து வீட்டிலும் வையுங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் கல்லூரி பெயரில் ரசீது. வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும், ஸ்காலர்ஷிப்பைப் புதுப்பிக்கக் கேட்கும்போது புதிதாக வேண்டும், இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மே மாசமே போட்டுவிடுங்கள்.