கிளிக்கூட்டில் எலிகளைக் குடிவைத்தேன்

நுவரெலியாவில் ஒரு பழைய சாமான் கடையில் அந்தக் கிளிக்கூடு கிடைத்தது. துருப்பிடித்திருந்தாலும் சட்டம் உறுதியாக இருந்தது. மகள் வளர்க்கும் வெள்ளை எலிகள் இரண்டுக்கும் இடம் தாராளம். எலியை ஒற்றையாக வளர்க்காதீர்கள், துணையில்லாமல் வாடிப்போகும்.

முதல் ராத்திரியே சின்னது தப்பிவிட்டது. விடியற்காலையில் அரிசி வாளிக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்ததைக் கையில் எடுத்தபோது எனக்கு மனசே சரியில்லை. கம்பிகளுக்கு நடுவே முக்கால் அங்குலம் இடைவெளி. தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். குட்டிக்கு அரை அங்குலமே அதிகம். கால் அங்குலக் கண் உள்ள வலை வாங்கி, வினாகிரி ஊற்றித் தேய்த்துக் கழுவிக் காயவைத்தேன். பிறகு வெளிப்பக்கமாகச் சுற்றி, இரண்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சாகக் கட்டுக்கம்பி போட்டு, நுனிகளைக் குறடால் வெளியே மடக்கினேன். பெயின்ட் அடிக்கவில்லை, கடித்துத் தின்றுவிடும்.

கம்பித் தரையில் நடந்தால் பாதம் புண்ணாகும். அதை வெட்டி எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தட்டு வைத்து, மேலே பழைய கம்பளித் துணி விரித்தேன். பைன் மரத்தூள் வேண்டாம், மூச்சுக்குழாய்க்கு ஆகாது. மூத்திர வாடையும் அப்படித்தான், அதனால் துணியை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறேன்.

1,868 மீட்டர் உயரத்துக் குளிர் என்பதால் கூடு ஜன்னலோரம் இல்லை, அடுப்படிச் சுவரோரம், புகை படாத மூலையில். மேலே தூக்கும் கதவைச் சின்னது மூக்கால் நெம்பப் பழகியிருந்தது. இப்போது அதில் உடுப்புக் கிளிப் இரண்டு.